தாழ்ப்பாள் இல்லாத மெயில்

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சி.டி. அது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் என் ஓரகத்தி வாங்கிவந்தாள். மஞ்சள் காகித உறையின் ஓரத்தில் பக்கோடா எண்ணெய் ஊறியிருந்தது. உள்ளே இரண்டு மெயில் புரோகிராம்கள், இரண்டுமே காசில்லாதவை. அவற்றில் எதை எங்கள் வீட்டில் போடுவது என்ற பேச்சு வந்தபோது நான் நடந்துகொண்ட விதத்தை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

நன்னிலம் பக்கத்தில் கிராமம். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட நாங்கள் இருவரும் மாமனாரோடு ஒரே வீட்டில் இருந்தோம். என் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார், கொழுந்தன் சிங்கப்பூரில். மாமனார் ஊரார் வயலில் நாற்றுமுடி தூக்கியே முதுகு வளைந்தவர். பிள்ளைகள் வெளிநாடு போன பிறகுதான் சொந்தமென்று கொஞ்சம் நிலம் வந்தது, பின்னாலேயே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அதற்கு முன்னால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்வேன். பி.ஏ. படித்த மருமகள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ஓரகத்தி திருவாரூரில் கம்ப்யூட்டர் படித்த சர்டிபிகேட்டோடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து மாமனார் எதற்கெடுத்தாலும், "சின்னவளக் கூப்பிடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். கடிதங்களைத்தான் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டெலிபோன் லைனில் இண்டர்நெட்டைப் போட்டு மெயில் பார்ப்போம். கொழுந்தனிடமிருந்து அவளுக்கு ஐந்தோ ஆறோ இருக்கும், ஒவ்வொன்றும் முழ நீளம். என் கணவரிடமிருந்து எனக்கு ஒன்று வந்தால் உண்டு. "நான் நலம். நீ நலமா. அப்பாவை டாக்டரிடம் காட்டு." தந்தி அடிக்கிறவர்கூட இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பார். மாமனார் வாசலிலிருந்தே, "யாருக்கு எத்தன வந்துச்சு?" என்று குரல் கொடுப்பார். அந்தக் கேள்வி எனக்கென்றே கேட்கப்படுவதாக நினைத்துக்கொள்வேன்.

கடிதங்களை உட்கார்ந்து படித்து முடிக்கும் வரை டெலிபோன் பில் ஏறிக்கொண்டே போனது. அதற்காகத்தான் அந்த சி.டி. எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிட்டு லைனைத் துண்டித்துவிடலாம், பிறகு சாவகாசமாகப் படிக்கலாம். இரண்டில் ஒன்றில் ஆளுக்கொரு பகுதி வைத்துத் தனித்தனி பாஸ்வேர்டு போடலாம். மற்றதில் எல்லாம் ஒரே பெட்டி. வந்ததும் போனதும் யார் கண்ணுக்கும் தெரியும்.

"அக்கா, இது நல்லாருக்கும். ஆளுக்கொரு ரூம் மாதிரி. உங்களுத நான் பாக்க மாட்டேன், என்னுத நீங்க பாக்க வேணாம்" என்றாள்.

"நம்ம வீட்டுல எந்த ரூமுக்கும்மா தாப்பாள் இருக்கு? நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" என்றேன். மாமனார் உடனே, "பெரியவ சொல்றதுதான் சரி" என்றார். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்று நான் சொன்னதையே போட்டாள்.

ஒற்றுமைக்காக நான் அதைக் கேட்கவில்லை. வாரத்துக்கு ஆறு கடிதம் வரவழைக்க இவள் அப்படி என்னதான் எழுதுகிறாள் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். ஆனால் கம்ப்யூட்டர் இருந்தது கூடத்தில், அவளோ எந்நேரமும் அங்கேயே இருந்தாள். எனக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது. அவள் எதை அழுத்துகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் ஓர் அதிசயம் நடந்தது. என் கணவர் எழுத ஆரம்பித்தார். நான் வைக்கும் மீன் குழம்பை நினைத்துக்கொண்டு மெஸ் சாப்பாட்டை விழுங்குவதாக ஒரு தடவை. கல்யாணமான புதிதில் திருவையாறு படித்துறையில் நான் கொலுசைத் தொலைத்துவிட்டு அழுததை நினைத்துச் சிரித்ததாக இன்னொரு தடவை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கடிதம் வந்தது. "விடியற்காலையில் ஒரு கனவு. நீ நம் வாய்க்கால் வரப்பில் நொண்டி நொண்டி வருகிறாய். உன் காலுக்கு என்ன?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்கு முந்தைய வாரம்தான் வாய்க்காலில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிக் கிடந்தேன். அவர் கவலைப்படுவாரே என்று எழுதவில்லை. கடல் தாண்டி இருக்கிற மனுஷனுக்குக் கனவில் தெரிந்திருக்கிறது! ஓரகத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். "ஆறு லெட்டர் வந்து என்னத்துக்கு? கனவுல கண்டாராம், பாத்தியா" என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவள் கண்ணை அகல விரித்து, "அப்படியாக்கா!" என்றாள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுவாரம் அவள் நாகப்பட்டினத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். மாமனாரும் வயலுக்குப் போயிருந்தார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து, அனுப்பிய கடிதங்கள் இருக்கும் பெட்டிக்குள் போனேன். சிங்கப்பூருக்குப் போனவற்றின் நடுவே என் கணவர் பெயர் இருந்தது. ஒன்றல்ல, ஏழு.

கடைசியாகப் போனதைத் திறந்தேன். "அத்தான், அக்கா வாய்க்கால்ல விழுந்து கால் வீங்கியிருக்கு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. கனவுல கண்டதா எழுதுங்க, அக்கா ரொம்ப சந்தோஷப்படுவாங்க." அவர் முன்பு கேட்டிருந்தது அதன் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "இந்த வாரம் என்னம்மா எழுதறது?" அவரிடமிருந்து தனக்கு வந்ததை எல்லாம் அழித்தவள், போனதில் நகல் நிற்கும் என்பதை மறந்துவிட்டாள்.

மீன் குழம்பு அவள் சொன்னது. கொலுசுக் கதை, நான் என்றோ கீரை ஆயும்போது அவளிடம் சொன்னது. அவளுக்கு வந்த கடிதங்களைப் பார்த்துப் புழுங்கியது போதாதென்று, எனக்கு வந்தவையும் அவளுடையவையாகிவிட்டன. சண்டை போடலாம் என்றால் என்னவென்று போடுவது? நான் திருட்டுத்தனமாகப் பார்த்ததையல்லவா முதலில் சொல்ல வேண்டும்! திரும்பி வந்தவள், "கால் இப்ப எப்படிக்கா இருக்கு?" என்றாள். "உன் வேலையப் பாரு" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

அதன் பிறகும் கடிதங்கள் வந்தன. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. எழுதிக்கொடுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், நான் படித்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். இப்படி ஒரு வருஷம் ஓடியது. பிறகு கொழுந்தன் அவளைச் சிங்கப்பூருக்கே அழைத்துக்கொண்டார். வழியனுப்பும்போது அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இனி என் கணவர் எழுதுவாரா என்ற நினைப்பைத் தவிர அப்போது எனக்கு வேறொன்றும் ஓடவில்லை.

மூன்று ஞாயிறு எதுவும் வரவில்லை. மாமனாரும் எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டார். நாலாவது ஞாயிறு ஒன்று வந்தது. "இங்கே புழுதிக் காற்று. செருப்பு அறுந்துவிட்டது. புதுசு வாங்கினேன், கொஞ்சம் கடிக்கிறது. சொல்ல வேறு யாரும் இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்."

இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில், நலம் விசாரிப்பைத் தாண்டி அவராக எனக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான். நாலைந்து தடவை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சின்னவள் இருந்திருந்தால் அந்தச் செருப்புக்கடியை வைத்தே என்னை அழவைத்திருப்பாள் என்றும் தோன்றியது. அவர் ஊர் திரும்பி, தினமும் என் எதிரில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டு எழுந்துபோகிற இந்த வயதிலும் எனக்கு அவ்வப்போது அப்படித் தோன்றுகிறது. அவள்மீது இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான்.