பாய்க்குக் கீழே இன்னொரு பாய்

தங்கை ஜெயித்ததையெல்லாம் அண்ணன் வரிசை தவறாமல் சொல்வார். பெண்கள் பெருக்க மட்டுமே வரலாம் என்றிருந்த கிரிக்கெட் மைதானத்தில் ரோலர் பிடித்தாள். மூன்று நாள் மழையில் ஊறி, எல்லோரும் கைவிரித்த ஆடுகளத்தைப் பத்து மணிக்குள் காய வைத்தாள். கணுக்கால் உடைந்தும் நாலாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். கடைசியில் அந்த மைதானத்தையே மீட்டாள். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை.

நகரசபை அங்கே கார் நிறுத்துமிடம் கட்ட நினைத்தது. நூறு வயது தாண்டிய மைதானத்தில் கைவைக்கக் கூடாது என்று விதி. வாசல் கல்லிலோ 1951. தையல் கடை வைத்திருந்த அண்ணனும் வருவோர் போவோரிடமெல்லாம் அந்த வருடத்தைத்தான் அடித்துச் சொல்லியிருந்தார். பார்வையிட வந்த அதிகாரியும் கல்லைத்தான் காட்டினார்.

"அந்தக் கல்லு கட்டடத்துக்கு நட்டது சார். மண்ணை யாரும் கேக்கலையே," என்றாள் தங்கை.

செருப்போடு ஆடுகளத்தை மிதித்தால் கேப்டன் என்றும் பாராமல் ஏசுகிறவள், அன்று அதன் நடுவிலேயே இரும்புக் குழாயை வைத்துச் சம்மட்டியால் அடித்தாள். களிமண்ணின் ஈரம் பார்க்கும் குழாய். வழக்கமாக ஒரு சாண் இறங்கும். அன்று ஒரு முழத்துக்கு மேல் போயிற்று. அண்ணன் அவளருகே குனிந்தார். அடியில் ஒன்றுமில்லாவிட்டால் ஆடுகளமும் போச்சு, வேலையும் போச்சு.

"நிச்சயமாத் தெரியுமாடி?" என்றார் காதோரம்.

"வடிகால் தோண்டறப்ப ஓரத்துல பாத்தேண்ணா. நடுவுல இருக்கான்னு எனக்கும் தெரியணுமே."

குழாயைத் தட்டினாள். மண் உருளையாக வழுக்கி விழுந்தது. மேலே கறுப்புக் களிமண், அடுத்து செம்மண், பிறகு மக்கிய கயிற்றுப் பாய். பாய் விரித்து ஆடிய காலம் அது. அதற்குக் கீழே சாம்பல், சாம்பலில் கடுகளவு பச்சைக் கண்ணாடி மணிகள். பக்கத்துத் தெருவில் இருந்த கண்ணாடித் தொழிற்சாலையின் சாம்பல். அது 1898இல் எரிந்துபோனதை நகரசபைப் புத்தகமே சொல்லும்.

அதிகாரி குனிந்து சாம்பலை விரலால் விலக்கினார். "இதுக்குக் கீழயும் பாயா?"

"ஆமா சார். சாம்பல் கொட்டறதுக்கு முன்னாடியே ஆடியிருக்காங்க."

வாக்குமூலத்தை அங்கேயே எழுதினார்கள். கைநாட்டு வைத்தாள். வெறும் கறை. இரண்டாவதும் அப்படியே, களிமண் ரேகையைத் தின்றிருந்தது. வருகைப் பதிவேட்டுக்குக் கறை போதும், இதற்குச் செல்லாது என்றார் எழுத்தர். அண்ணன் தான் போடட்டுமா என்று கேட்டார். தோண்டியவள்தான் போட வேண்டுமாம்.

அவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். இருபது வருடமாகப் பதிவேட்டில் தன் கறைக்குப் பக்கத்தில் பார்த்து வந்த பெயரின் ஐந்து எழுத்துகளை, சுண்ணாம்புக் கோடு இழுக்கிறாற்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்தாள். மூன்றாவது கொஞ்சம் சரிந்தது. செல்லும் என்றார் எழுத்தர்.

இப்போது வருவோர் போவோரிடமெல்லாம் அண்ணன் அடித்துச் சொல்வது அந்தத் தேதியைத்தான்: 2009 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை.