மயிலிட்டிச் சம்மாட்டியாரின் கார் ஏன் ஸ்ரார்ட் ஆகவில்லை

நடராசா அண்ணை எங்கள் கராஜுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கார் ஓட்டுகிற ஆள் பஸ்ஸில் வந்து இறங்கினால், கார் எங்கேயோ படுத்துவிட்டது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். இது அறுபதுகளின் நடுப்பகுதி. நான் அப்போது யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கராஜில் வயரிங், பற்றரி, ஸ்ரார்ட்டர் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மயிலிட்டியில் ஒரு சம்மாட்டியாரின் கார் டிறைவர். சம்மாட்டியார் என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்துத் தொழிலாளர்களைக் கடலுக்கு அனுப்புகிறவர். கார் ஒரு பழைய ஏ-40, எங்கள் வாயில் ஏ-போட்டி. ஸ்ரார்ட்டர்ப் பட்டனை அமத்தினால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும், எஞ்சின் சுற்றாது. ஊரிலே இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பற்றரி பிழை என்று புதிசு வாங்கிப் பூட்டினார். மற்றவர் ஸ்ரார்ட்டரைக் கழற்றிக் கழுவி மறுபடி பூட்டினார். இரண்டுக்கும் சரிவராதபோது, ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி, டிறைவர் பட்டனைச் சும்மா சும்மா அமத்திப் பழுதாக்கிவிட்டார் என்று இருவரும் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கிடையில் கார் திருந்தாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி சம்மாட்டியார் உத்தரவு. சம்மாட்டியாரின் தமக்கையின் மகன் டிறைவர் வேலைக்குத் தயாராக நின்றான்.

நடராசா அண்ணை முன்பு அதே சம்மாட்டியாரின் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். வள்ளத்துக்கும் துறைமுகக் கல்லணைக்கும் இடையில் அகப்பட்டுத் தோள்மூட்டு நொறுங்கிப்போனது. பிறகு வலை இழுக்க முடியாது. சம்மாட்டியார்தான் டிறைவிங் பழக்குவித்து லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தவர்.

"இந்தத் தோளோடை கடலுக்கும் போகேலாது தம்பி, தோட்டமும் கொத்தேலாது" என்றார். "உந்த ஸ்ரியறிங் மட்டுந்தான் எனக்குப் பிடிக்க ஏலும்."

எங்கள் முதலாளி என்னை அவரோடு அனுப்பினார். பஸ்ஸில் போகும்போதே கேள்விகளைத் தொடங்கினேன். கடைசியாகக் காரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். ஒண்டும் செய்யேல்லை என்றார். எஞ்சினில் கை வைத்தீர்களா, வயர் ஏதும் மாற்றினீர்களா என்று கேட்டேன். ஒண்டுமே செய்யேல்லை என்றார். ஸ்ரார்ட் ஆகாத கார் வைத்திருக்கிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நான் நம்பவில்லை, ஆனாலும் தலையை ஆட்டினேன்.

மயிலிட்டியில் சம்மாட்டியாரின் வளவுக்குள் கார் நின்றது. பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கடற்கரைக் கார்கள் உப்புக்காற்றில் அரித்துச் சல்லடையாகப் போகும். இது மட்கார்டுக்குள்ளேயும் பச்சைப் பெயின்ற் மின்ன நின்றது. நல்லாக வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் மெச்சினேன். மெச்சிவிட்டு வேறு இடத்தில் பிழை தேடப் போனேன்.

சம்மாட்டியார் வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களும் கிட்ட வந்து நின்றார்கள். அவர் கோபமாகக் கதைக்கவில்லை. துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, தன் ஆட்களே தன் காரைத் தள்ள வேண்டியிருக்கிறது என்று சொன்னார். சம்மாட்டி கரைவலை இழுக்கிறார் என்று ஊரே பகிடி பண்ணுகிறதாம். பிறகு, "தம்பி, உதை ஆர் பழுதாக்கினது எண்டு எனக்குத் தெரிய வேணும்" என்றார். நடராசா அண்ணை காரின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார்.

வேலையைத் தொடங்கினேன். ஹெட்லைற் போட்டால் நல்ல வெளிச்சம். பட்டனை அமத்தினால் வெளிச்சம் கொஞ்சம் மங்கி, டிக் என்றுவிட்டு நின்றது. பற்றரி நல்லது. அதன் முனைகள் இரண்டும் சுத்தம். முன்னாலே இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் இலகுவாகச் சுற்றியது, அதனால் உள்ளுக்குள் ஒன்றும் இறுகவில்லை. ஸ்ரார்ட்டரைக் கழற்றி நிலத்தில் வைத்து, பற்றரியிலிருந்து இரண்டு வயரை நேரே கொடுத்தேன். துள்ளிக்கொண்டு சுற்றியது. திரும்பப் பூட்டினேன், டிக். தனித்தனியே எல்லாம் நல்ல பிள்ளைகள், கூட்டிவிட்டால் ஒருவரும் வேலை செய்யமாட்டார்கள். எனக்கு விசர் வந்தது. ஸ்பானரை எறிந்தேன். அது வலைக்குள் விழுந்ததால் ஒருவருக்கும் சேதமில்லை.

நடராசா அண்ணையைச் சீற்றில் ஏற்றி, பட்டனை அமத்திப் பிடிக்கச் சொன்னேன். மற்றக் கையால் சோக்கையும் இழுக்கச் சொன்னேன். இழுக்கப்போனவர் கையை உதறினார்.

"சுடுது தம்பி" என்றார்.

நான் போய்த் தொட்டேன். என் விரலும் சுட்டது. சோக் என்பது டாஷ்போர்ட்டிலிருந்து காபரேற்றருக்குப் போகிற வெறும் இழுவைக் கம்பி. குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கிற மூடியை இழுக்கும், அவ்வளவுதான். கரண்டுக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அது சுடுகிறது என்றால் கரண்ட் தன் வழியை விட்டு அதற்குள்ளால் போகிறது என்று அர்த்தம்.

இளையவர்களுக்காக இதை விளக்கமாகச் சொல்கிறேன். பற்றரியிலிருந்து ஸ்ரார்ட்டருக்குப் போகிற கரண்ட் திரும்பி வரவும் வேண்டும். எஞ்சின் றப்பர்க் கட்டைகளில் இருப்பதால் அது காரின் பொடியோடு, அதாவது உடம்போடு, ஒட்டாது. ஆகவே எஞ்சினையும் சசி என்கிற அடிச்சட்டத்தையும் இணைத்துச் செம்புக் கம்பியால் பின்னிய ஒரு பட்டி இருக்கும். அதுதான் எர்த் பட்டி. அது பிடிக்காவிட்டால் கரண்ட் கிடைத்த வழியால் வரப் பார்க்கும். இங்கே கிடைத்த வழி பாவம் சோக் கம்பி. ஒரு லொறிப் பாரத்தைச் சைக்கிளில் ஏற்றினால் சைக்கிள் என்ன செய்யும்?

கீழே படுத்துப் பார்த்தேன். பட்டி இருந்தது. இறுக்கமாகத்தான் இருந்தது. நட்டைக் கழற்றினேன். பட்டிக்குக் கீழே, சசியில், வள்ளத்துக்குப் பூசுகிற பச்சைப் பெயின்ற் கண்ணாடி மாதிரித் தடிப்பாக இருந்தது. எஞ்சின் பக்கத்திலும் அப்படியே. அத்தனை வடிவான வேலை. பெயின்ற்றுக்குள்ளால் கரண்ட் போகாது.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை வள்ளத்தைக் கரையேற்றி, சுரண்டி, கழற்றக்கூடியதைக் கழற்றி, ஒரு மூலை விடாமல் பூசி, மறுபடி பூட்டுவார்கள். விட்ட இடத்தில் உப்புத் தின்றுவிடும். அதே ஒழுங்கைக் காருக்கும் செய்திருக்கிறார்கள். அது அவர்களுக்குத் திருத்த வேலை அல்ல, குளிப்பாட்டுகிற மாதிரி. ஒண்டும் செய்யேல்லை என்று நடராசா அண்ணை சொன்னது பொய்யில்லை.

இதை அங்கேயே பொறுமையாக யோசித்திருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இரண்டு பக்கமும் இரும்பு வெளிக்கும்வரை சுரண்டி, பட்டியைப் பூட்டி, பட்டனை அமத்தச் சொன்னேன். முதல் அமத்தலிலேயே எஞ்சின் பிடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சுட்ட விரலோடு எழும்பி, வளவு முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்.

"எந்த மடையன் இந்தப் பட்டிக்குக் கீழை பெயின்ற் பூசினது?"

சிரிப்பு நின்றது. வலை பொத்துகிறவர்கள் எல்லோரும் வலையைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

நடராசா அண்ணை எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கினார். "நான்தான்" என்றார். அதைச் சொல்லும்போதே சாவியைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார்.

சம்மாட்டியார் கதிரையை விட்டு எழும்பினார். எழும்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பொய் சொல்லாதை நடராசா. நீ வாளியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த மடையன் நான்தான் தம்பி" என்றார்.

நடராசா அண்ணை நீட்டிய சாவியை அவர் வாங்கவில்லை. தம்பியைக் கொண்டுபோய் டவுனில் விட்டுவிட்டு வா என்று டிறைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவரில் பெரிய மரியாதையும் வந்தது.

வழியில் நடராசா அண்ணையை ஏசினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கிடக்கிறபோது, தெரிந்துகொண்டே வேலையைத் தொலைக்கப் பார்த்தீரே, உமக்கென்ன விசரா என்று கேட்டேன். அவர் றோட்டைப் பார்த்தபடி, "நாலு பேருக்கு முன்னாலை அவரை எப்பிடித் தம்பி காட்டிக் குடுக்கிறது?" என்றார்.

வேலை பழகுகிறவர்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. கார் சுற்றாவிட்டால் பற்றரியை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். மற்றது, காருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். கழுவினீர்களா, பெயின்ற் பூசினீர்களா, எதைக் கழற்றிப் பூட்டினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், சனம் சந்தோஷமாகச் சொல்லும். யார் செய்தது என்று மட்டும் கேட்காதீர்கள். எஞ்சினுக்கு அந்தத் தகவல் தேவைப்படுவதில்லை.