ஒன்றாம் எண் அறையின் தாய்மாமன்

லெசீபா மாகே யாரும் எதிர்பாராமல் வென்றவற்றை அவனுடைய அக்கா ராயிசெட்யா வருடம் தப்பாமல் சொல்லுவாள். 2007இல், முழு ரொட்டியைத் தூக்கிக்கொண்டு மரமேறிய ஆண் பபூன் குரங்கிடமிருந்து பாதி ரொட்டியைத் திரும்ப வாங்கினான். 2010இல் ஊழியர் கால்பந்துப் போட்டியில் கோல் காக்க நின்றவன், கடைசிப் பத்து நிமிடம் நின்றபடியே தூங்கியும் ஒரு கோல்கூட விடவில்லை. காட்டெருமை ஒன்று வந்து மைதானத்தின் நடுவில் படுத்துவிட்டதால் எதிரணியால் அந்தப் பக்கம் வரமுடியவில்லை. 2012இல் கிறிஸ்துமஸ் குலுக்கலில் அவனுக்குக் குளிர்சாதனப் பெட்டி விழுந்தது. வீட்டுக்கு மின்சாரம் வந்தது 2014இல். நடுவில் இருந்த இரண்டு வருடமும் அதற்குள் கோழி அடைகாத்து, மொத்தம் பதினேழு குஞ்சு பொரித்தது. கடைசியாக 2016இல் மேலாளரையும், ஜோகன்னஸ்பர்க் தலைமை அலுவலகத்தையும், நாற்பத்தாறு பக்க விதிப்புத்தகத்தையும் எதிர்த்து நின்று நிரந்தர வேலை வாங்கினான். அதுவும் ஒரு காட்டுப்பன்றிக்கு அண்ணன் என்ற முறையில்.

அந்தக் காட்டு விடுதியில் மொத்தம் ஆறு அறைகள். ராயிசெட்யா அங்கே சலவைப் பகுதியின் பொறுப்பாளர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் கைக்குப் போன காலுறை ஜோடியாகத்தான் திரும்பும். ஊழியர்களின் உடுப்புகள் கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு கழுத்துப் பட்டையின் உள்பக்கத்திலும் சிவப்பு நூலால் பெயரையும் அளவையும் தைத்து வைத்திருந்தாள். தம்பிக்கு மட்டும் இரட்டை நூல்.

தம்பி அங்கே தோட்டக்காரன். பதினோரு வருடமாகத் தற்காலிகத் தோட்டக்காரன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாளில் பெருவிரலை உருட்டுவான்; இன்னும் மூன்று மாதம் வேலை இருக்கும். அவனை நிரந்தரமாக்குகிறேன் என்று சொன்ன மேலாளர்கள் ஏழு பேர். சொன்ன ஏழு பேரும் அவனுக்கு முன்னால் போய்விட்டார்கள்.

நவம்பர் முதல் வாரம், முதல் மழைக்கு மறுநாள், ஒன்றாம் எண் அறையின் மரத்தளத்துக்கு அடியில் ஒரு பெண் காட்டுப்பன்றி குடியேறியது. அந்த அறைதான் விடுதியிலேயே பெரியது. அதன் குளியல் தொட்டியில் நான்கு பேர் உட்கார்ந்து சீட்டாடலாம். பன்றி தளத்தடியில் குழி பறித்து, பின்புறமாக உள்ளே நுழைந்து, முகத்தை வாசலில் வைத்துக்கொண்டு படுத்தது. இரண்டு நாளில் நான்கு குட்டிகள்.

மாகே வீட்டார் காட்டுப்பன்றிக் குலம். அவர்களை மரியாதையாகக் கூப்பிட நினைப்பவர்கள் பெயர் சொல்லமாட்டார்கள். "கொலோபே" என்பார்கள், பன்றியே என்று. அந்தக் குலத்தார் பன்றியை அடிக்கமாட்டார்கள், தின்னமாட்டார்கள், வழியில் கண்டால் ஒதுங்கி நிற்பார்கள். ஆகவே லெசீபா தினமும் காலை தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்கு முன் ஒன்றாம் எண் அறைக்குப் போய், தொப்பியைக் கழற்றி, முழங்கால் மடக்கி, உள்ளங்கைகளை மெல்லத் தட்டி விசாரிப்பான்.

"கொலோபே, நல்லா தூங்கினியா? பிள்ளைங்க நல்லா இருக்கா? மேல இருக்கறவங்க ராத்திரி நாற்காலிய இழுத்தாங்களா? நான் சொல்லி வைக்கிறேன்."

துணி உலர்த்தப் போன ராயிசெட்யா இதைப் பார்த்தாள். அவளும் அதே குலம். கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளும் கை தட்டினாள். பிறகு தம்பியைத் திட்டினாள்.

"வணக்கம் சொல்றது சரிடா. அதுக்காக அரை மணி நேரமா? புல்லு என்ன தானா நனையுமா?"

"பிள்ளை பெத்தவ அக்கா. வந்ததும் கிளம்பினா என்ன நினைப்பா?"

நவம்பர் இருபத்தொன்றாம் தேதி எட்டாவது மேலாளர் வந்தார். பெயர் ஃபூரி. அதுவரை கடற்கரை ஹோட்டல்களில் வேலை பார்த்தவர். மிருகம் என்றால் அவருக்குத் தட்டில் வரும் மீன். வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஒன்றாம் எண் அறையைச் சோதிக்கப் போனார். தளத்தின் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஏதோ நாறுது" என்று சொல்லத் திரும்பினார். பன்றிக்கு அது வெளியே போகும் நேரம். பீரங்கிக் குண்டுபோல் வந்த பன்றி அவருடைய இரண்டு கால்களுக்கும் இடையில் புகுந்தது. அவர் அதன்மேல் பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து ஏழு அடி தூரம் பயணம் செய்தார். ராயிசெட்யா பிறகு போய் அளந்தாள், ஏழடியேதான். குட்டிகள் நான்கும் வாலைக் கம்பிபோல் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வரிசையாக ஓடின.

எழுந்தவர் சேற்றைத் துடைத்துக்கொண்டே ஊழியர்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இது யாரோட பன்றி?"

யாரும் யோசிக்கவே இல்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"லெசீபா வீட்டு ஆளு சார்" என்றாள் சமையல்காரி ஹுனாடி.

"ஆமா சார், எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்றான் லெசீபா. "இப்பதான் பிள்ளை பெத்திருக்கா. கொஞ்சம் வேகமா வந்துட்டா. மன்னிச்சுக்குங்க."

"நீதான் இதுக்குப் பொறுப்பா?"

"தாய்மாமன் சார். வேற யாரு பொறுப்பு?"

அந்த ஊரில் அக்கா தங்கை பிள்ளைகளுக்கு எல்லாம் தாய்மாமன்தான். பெயர் வைக்கவும் அவன், பெண் கேட்டு வந்தால் பேசவும் அவன். ஆகையால் அந்தப் பதிலில் ஊழியர்கள் ஒருவருக்கும் வேடிக்கை தெரியவில்லை. ஃபூரி மட்டும் பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார்.

சாயங்காலம் லெசீபாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ராயிசெட்யா அதை மூன்று முறை படித்தாள். ஊழியர் லெசீபா மாகே அனுமதியில்லாமல் விடுதிக்குள் பன்றி வளர்த்தார். அதை விருந்தினர் அறையில் தங்கவைத்தார். அதை மேலாளர்மேல் ஏவினார். டிசம்பர் 15 அன்று விசாரணை. குற்றம் உறுதியானால் அன்றோடு வேலை முடிந்தது.

"நீ வீட்டுலேருந்து கொண்டுவந்து வளர்க்கறேன்னு நினைச்சுட்டாரு" என்றாள்.

"நம்ம வீட்டுல சேவலே பேச்சுக் கேக்காது. பன்றிய எப்படி ஏவறது?"

"அதையே அங்க சொல்லு. 'இது எனக்கு யாரோ எவரோ'ன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுபோச்சு."

லெசீபா சோளக்களியைப் பிட்டு, வறுத்த மொப்பானிப் புழுவோடு சேர்த்து மென்றான். வெகுநேரம் மென்றான்.

"நீ சொல்லுவியா அக்கா?"

ராயிசெட்யா எழுந்துபோய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். அவன் மகள் பொலோக்வானேயில் செவிலியர் படிப்பில் இரண்டாம் வருடம். அந்த வேலை போனால் அவளும் படிப்பை விட்டு வரவேண்டியதுதான். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

விசாரணைக்கு ஐந்து நாள் முன்னால் ஒன்றாம் எண் அறைக்கு பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கூசென்ஸ் அம்மாளுக்கு எழுபத்தொரு வயது, புதுக் கல்யாணம். தளப் பலகை இடுக்கில் முதல் நாளே குட்டிகளைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஜீப்பில் ஏறவே இல்லை. புது மாப்பிள்ளை தனியாகப் போய்ப் பதினோரு சிங்கம் பார்த்துவிட்டு வந்தார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 15 காலை பத்தரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து தெம்பேகா என்ற அம்மா கணினித் திரையில் வந்தார். தொழிற்சங்கத்தின் சார்பில் ஹுனாடி, கையில் கரண்டியோடு. மேசை விரிப்பை மாற்ற வந்தவள்போல ராயிசெட்யா உள்ளே நின்றாள். ஒரே விரிப்பை எட்டு முறை மாற்றினாள்.

"ஒரே கேள்வி" என்றார் தெம்பேகா. "நீங்க இந்தப் பன்றிய வளர்க்கறீங்களா, இல்லையா?"

ராயிசெட்யா மூச்சை அடக்கினாள்.

"வளர்க்கலம்மா" என்றான் லெசீபா. அவளுக்கு மூச்சு வந்தது. "கூடப் பொறந்தவள யாரும்மா வளர்ப்பாங்க? கட்டிக் குடுத்து அனுப்புவோம்."

மூச்சு மறுபடி நின்றது.

"அப்ப யாருக்குக் கட்டிக் குடுத்தீங்க?" தெம்பேகா தன்னை மறந்து கேட்டார்.

"அதான் தெரியல. மாப்பிள்ளை வீட்டுலேருந்து யாரும் வந்து பேசல. பரிசமா குடுக்கற மாடும் வரல. அவன் ஆத்தங்கரையில சேத்துல உருண்டுக்கிட்டுக் கிடக்கான். ரெண்டு தடவை பாத்தேன். முகம் குடுக்காம போயிட்டான்."

"ஐயோ, ஆம்பளைங்க" என்றார் தெம்பேகா.

ஃபூரி மேசையைத் தட்டினார். "மேடம், இவரே ஒத்துக்கிட்டார். தன்னோட பன்றின்னு."

"பன்றின்னு அவன் சொல்லவே இல்லையே" என்றாள் ஹுனாடி. "தங்கச்சின்னு சொன்னான். எங்க வீடு முதலைக் குலம். ஆத்துல எறங்கறப்போ எங்க ஆளுங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுதான் எறங்குவோம். அப்புறம் ஓடுவோம். அதுக்காக நாங்க முதலை வளர்க்கறோம்னு எழுதிடுவீங்களா? விதிப்புத்தகம் முப்பத்தொண்ணாம் பக்கம் பாருங்க. பிள்ளை பெத்த கூடப்பொறந்தவங்க ஊழியரோட வந்து தங்கலாம்னு இருக்கு."

தெம்பேகா பக்கத்தைப் புரட்டினார். "இருக்கு. ஆனா அது நிரந்தர ஊழியருக்கு."

"அப்ப இவரை இன்னிக்கே அனுப்பிடலாம்" என்றார் ஃபூரி. "பன்றியையும் பிடிச்சு அனுப்பிடலாம்."

"காட்டு மிருகத்தைப் பிடிக்கணும்னா படிவம் இருக்கு" என்றார் தெம்பேகா. "அதுல பொறுப்பாளர் பேரு போடணும். இங்க இருக்கற தாள்ல பொறுப்பாளர்னு லெசீபா மாகே பேரைத்தானே நீங்களே எழுதியிருக்கீங்க? அவரை அனுப்பிட்டா யார்கிட்டேயிருந்து பிடிக்கறது?"

"அப்ப பிடிச்சுட்டு அனுப்பறேன்."

"பொறுப்பாளர் சம்மதிக்கணும்."

எல்லோரும் லெசீபாவைப் பார்த்தார்கள்.

"பச்சப் புள்ளக்காரி" என்றான் அவன்.

அந்த நேரத்தில் கூசென்ஸ் அம்மாள் குளியல் அங்கியோடு உள்ளே வந்தார். சாட்சி சொல்ல வேண்டும் என்றார். மேலாளர் பன்றிமேல் போனாரே தவிரப் பன்றி அவர்மேல் போகவில்லை என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். அடுத்த டிசம்பருக்கும் இதே அறையை, மூன்று வாரத்துக்கு, இப்போதே எடுத்துக்கொள்வதாகவும், ஆனால் பன்றியும் அதன் மாமாவும் இருந்தால் மட்டுமே வருவதாகவும் சொன்னார்.

"மாமா இல்ல, அண்ணன்" என்று திருத்தினாள் ராயிசெட்யா. தப்பான ஒன்றைக் கேட்டுக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. "குட்டிங்களுக்குத்தான் மாமா."

திரையில் தெம்பேகா கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு சத்தமாகவே கணக்கைக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றாம் எண் அறையில் பன்றி இருக்கிறது. அது இருக்க வேண்டும் என்று விருந்தினர் கேட்கிறார். இருந்தால் அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பாளர் நிரந்தர ஊழியராக இருந்தாக வேண்டும். வேறு யாராவது பொறுப்பெடுக்கத் தயாரா? ஃபூரி?

ஃபூரி தன் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு வேற வழி தெரியல" என்றார் தெம்பேகா. "மாகே, இன்னிலேருந்து நீங்க நிரந்தரம். தோட்டமும், ஒன்றாம் எண் அறைக் கீழ்த்தளமும். படிவம் அனுப்பறேன். கையெழுத்துப் போடுங்க."

ஃபூரி கைக்கணினியை நீட்டினார். உறவுமுறை என்ற இடத்தில் தாய்மாமன் என்று ஏற்கெனவே வந்திருந்தது. லெசீபா வழக்கம்போல் பெருவிரலை உருட்டினான். திரையில் ஒரு கருமை விழுந்தது. இயந்திரம் மணி அடித்து அதைத் தள்ளிவிட்டது. இன்னொரு முறை உருட்டினான். இன்னொரு மணி.

"கையெழுத்து வேணுமாம்" என்றார் ஃபூரி. குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. "பதினொண்ணு முப்பதுக்கு படிவம் மூடிடும்."

மணி பதினொன்று இருபத்தொன்று. லெசீபா ஏழு வயதில் ஆடு மேய்க்கப் போனவன். வாழ்நாளில் அவன் எழுதியது ஒன்றும் இல்லை. ராயிசெட்யாவின் கையில் விரிப்பு இறுகியது. அவள் போட்டால் செல்லாது.

லெசீபா அக்காவைப் பார்த்தான். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான்.

"சண்டைக்கு வர்றானா?" என்று ஃபூரி பின்னால் நகர்ந்தார்.

அவன் சட்டையைக் கழற்றி, மேசையில் விரித்து, கழுத்துப் பட்டையை உள்பக்கம் திருப்பினான். சிவப்பு நூலில், இரட்டைத் தையலில், அங்கே அவனுடைய பெயர் இருந்தது. பதினோரு வருடம் பிடரியில் சுமந்ததை அவன் அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தான். நாக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொரு தையலாகப் பார்த்துப் பார்த்துத் திரையில் இழுத்தான். எல். புள்ளி. மாகே. பெயருக்குப் பக்கத்தில் இருந்த சட்டை அளவையும் விடவில்லை: 38. எட்டின் மேல்வட்டம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதையும் சாய்த்தான். கடைசியில் முடிச்சுப் போட்டு விட்டிருந்த நூல் வால்கூடத் திரையில் வந்தது.

இயந்திரம் மணி அடிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"முப்பத்தெட்டு எதுக்கு?" என்றார் ஃபூரி.

"என் பேருல இருக்கே சார்."

அதற்குப் பிறகு அதை மாற்ற முடியவில்லை. சம்பளத் தாளிலும், வங்கியிலும், மகளின் கல்லூரி விண்ணப்பத்திலும் எல். மாகே 38 என்று போட்டால்தான் செல்லும். இப்போது அவன் போடும் சட்டை அளவு 42 ஆனாலும் சரி. அந்த எட்டு சாய்ந்ததற்குக் காரணம் தைத்த அன்று ஊசி மொட்டையாக இருந்ததுதான் என்று ராயிசெட்யா கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். மற்றபடி அதில் ஒரு பிழையும் கிடையாது. அந்தப் படிவத்தைப் பிரதி எடுத்துக் கண்ணாடி போட்டுச் சலவை அறையில் மாட்டியிருக்கிறாள். அடியில் சிவப்பு நூலால் தைத்த துணிப்பட்டை ஒன்று: லெசீபா மாகே முதன்முதலாகக் கையெழுத்திட்டது, வியாழக்கிழமை, 15 டிசம்பர் 2016.