உரம் வாங்காத ஊர்

செங்கல்பட்டு கடைத்தெருவில் கியாசுதீன் உரக்கடை வைத்திருந்தார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கடையைத் திறக்கமாட்டார். அந்த அரைநாள் அவருக்குப் பறவைகளோடு போகும்.

சென்னையில் பறவை ஆர்வலர்கள் சிலர் ஒரு சங்கம் நடத்தினார்கள். பறவைகள் தங்கும் ஏரிகளையும் ஆமைகள் முட்டையிடும் கடற்கரைகளையும் காக்க விரும்பும் ஊர்களுக்குச் சிறு நிதியுதவி செய்வார்கள். விண்ணப்பித்த ஊரை நேரில் பார்த்து மதிப்பெண் போட, சம்பளமில்லாமல் உழைக்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. கியாசுதீன் தாமாகவே பெயர் கொடுத்தார். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை எங்கே அனுப்பினாலும் பஸ் ஏறிப் போய்வருவார். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். அதை நிரப்புவது என் வேலை. அவர் மனைவி ராபியாவும் நானும் ஒரே பள்ளியில் ஆசிரியைகள்.

1974 ஜூனில் இலுப்பைப்பட்டின் விண்ணப்பம் வந்தது. திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம். முந்தைய ஆண்டு மழைக்காற்றில் ஏரிக்குள் நின்ற மரங்களில் பாதி விழுந்திருந்தன. ஏரி வற்றியிருக்கும்போதே மண்மேடு போட்டுக் கருவேலங்கன்று நட்டாக வேண்டும். தவறினால் இன்னொரு வருஷம் போகும். அதற்குள் மீதி மரங்களும் சாய்ந்தால் பறவைகள் வேறு ஏரியைப் பார்த்துக்கொள்ளும்.

நாங்கள் மூவரும் போனபோது ஏரியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கூழைக்கடாவும் நாரையும் கார்த்திகையில்தான் வரும். நேரில் கண்ட பறவைகள் எத்தனை என்று படிவம் கேட்டது. பூஜ்யம் என்று எழுதினேன். பறவைகள் வருவதற்கு என்ன சாட்சி என்பது அடுத்த கேள்வி. காற்று மிச்சம் வைத்த நாலைந்து கூடுகள் காக்கைக் கூடுகளாகவும் இருக்கலாம்.

விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருந்த விவசாயி எல்லப்பன், யாரோ பட்டணத்து அதிகாரி வருவார் என்று காத்திருந்தார். வந்தது உரக்கடை பாய் என்றதும் அவர் முகம் வாடியது. கேட்காமலே யூரியாவின் பெருமையைப் பேசத் தொடங்கினார்.

"எங்க ஊர்லயும் இப்ப யூரியாதான் பாய். மூட்டை மூட்டையா போட்டுக்கினு கீறோம்."

"யாரு கடையில வாங்கறே எல்லப்பா? இந்தச் சுத்துவட்டாரத்துக்கே என் கடை ஒண்ணுதானே கீது?"

எல்லப்பன் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்குயா பொய் சொல்றே? ஏரித்தண்ணில பட்சி எச்சம் கலந்து பாயுது. அதுக்கு மேல உரம் எதுக்கு? ஒங்க கடைப்பக்கம் நாங்க வந்ததே இல்ல பாய். அதுக்காக மார்க்கைக் கொறச்சுடாதீங்க."

அந்த வருஷம் யூரியாவுக்குக் கடும் தட்டுப்பாடு. விடிவதற்குள்ளேயே கியாசுதீன் கடை வாசலில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். இலுப்பைப்பட்டிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. கஞ்சத்தனம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். அந்த வரிசையில் இந்த ஊர் இல்லாததையே பறவைகள் வருவதற்குச் சாட்சியாக எழுதச் சொன்னார்.

கடைசிக் கேள்வியில் என் பேனா நின்றது. மதிப்பிடுபவருக்கு இந்த ஊரோடு வியாபாரத் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தது. உண்டு என்றால் அறிக்கையைத் தள்ளிவிடுவார்கள் என்று ராபியா பயந்தாள். எல்லப்பனும் சரோஜாவும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"உண்டுன்னே எழுதுங்க டீச்சர்," என்றார் கியாசுதீன். "இந்த ஏரிக்குப் பட்சி வந்துக்கினு கீறவரைக்கும் எனக்கு இங்க யாவாரம் இல்ல, நின்னுட்டா உண்டு. அத்தயும் சேத்து எழுதுங்க."

"நல்ல யாவாரிதான் போ," என்றாள் ராபியா.

சங்கம் அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆடி முடிவதற்குள் கன்றுகள் நட்டாயிற்று.

எல்லப்பன் அந்த வருஷமும் உரக்கடைப்பக்கம் வரவில்லை. கார்த்திகை பிறந்ததும் வெள்ளிக்கிழமைதோறும் கியாசுதீன்தான் அவர் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.