ஓங்கிலை அடித்தவர்

என் பயத்தால் ஒரு நல்ல மனிதரைத் தனியாளாக்கினேன். பிரெஞ்சுக்காரர்கள் நாட்டை விட்டுப் போன மறுவருடம், நான் வாத்தியாராக இருந்த பனித்திட்டு என்கிற மீனவ ஊரின் கடலில் அவருடைய கட்டுமரத்தை ஒரு கையால் பிடித்து மிதந்தபடி, மறு கையில் நனையாமல் உயர்த்திப் பிடித்த கேமராவால் அவரைப் படமெடுத்தேன். ஒல்லியான மீனவர், மீன்களோடு பேசிக்கொண்டே வலை வீசுவார். திடீரென ஒரு சாம்பல் முதுகு என்னை உரசியது. "சுறா" என்று அலறினேன். அவர் துடுப்பால் அதன் மண்டையில் ஓங்கி அடித்தார். செத்து மிதந்தது, அந்த ஊர் மீனவர்கள் சாமியாகக் கும்பிடும் ஓங்கில் என்கிற டால்பின்.

"சுறான்னியே வாத்தியாரே," என்றார்.

ஓங்கிலை ஏன் கொன்றாய் என்று கரையில் ஊரார் அவரைக் கேட்டபோது, சுறா என்று அலறியது நான்தான் என்பதை மறைத்துவிட்டேன். ஊர் அவரை ஒதுக்கியது; அதன்பின் அவரோடு கடலுக்குப் போக யாரும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து ஊர்ப் பெரியவர்களிடம் உண்மையைச் சொன்னேன். அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

"இனிமே தனியாப் போக வேணாம்ணே," என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா சேந்துகினு போயிருப்பேன். இப்ப பக்கத்துல ஆளு இருந்தா கை ஓடல வாத்தியாரே," என்றவர், கட்டுமரத்தைத் தனியாகவே தள்ளிக்கொண்டு போனார்.