கோலம் இல்லாத வாசல்

“ஓடிப்போயிட்டாளா? எவ சொன்னா? என் முன்னாடி வந்து சொல்லச் சொல்லு!”

குடத்தைத் தெருக்குழாயடியில் வைத்துவிட்டுச் சாவித்திரி கேட்டாள். எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் அசரவில்லை.

“ஊரே சொல்லுது. புருஷன் செத்து வருஷமாச்சு, இன்னும் பொட்டு அழியல. எந்நேரமும் ரூமுக்குள்ள ஆம்பளக் குரல். தெவசத்தன்னிக்கே கெளம்பிட்டாளே ஒங்க மருமவ!”

“அது ஆம்பள இல்லடி, கம்ப்யூட்டரு. சோறு கேக்காது, குடிச்சிட்டு வந்து விழாது. ஒன் வீட்டுல இருக்குறதுக்கு அது எவ்வளவோ தேவலாம்.”

குழாயடியே சிரித்தது. சாவித்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்களுக்குச் சொல்லி என்ன விளங்கப்போகிறது? அனுராதா ஏன் போனாள் என்பது அவளுக்குத் தெரியும். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவள்தான் சாவித்திரி. ஆனால் கண் இருக்கிறதே.

அனுராதாவுக்கு வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. கிரிப்டோ காயின் என்று ஒன்று உண்டாம். கையில் பிடிக்க முடியாது, உண்டியலில் போட முடியாது, ஆனால் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறதாம். ஒரு காயினைச் சொல்லிக் கேட்டால் அதன் பெயர், படம், உண்டாக்கியவர், வைத்திருப்பவர் என்று எல்லாவற்றையும் தேடி எடுத்துவந்து சொல்ல ஒரு ஏஜென்ட் இருந்தது. மனுஷன் இல்லை, புரோகிராம். அது கொண்டுவருவது சரியா என்று, நெல் மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்ப்பதுபோலப் பார்ப்பதுதான் அவள் வேலை.

மூத்த மகன் பரணிதரன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகுமுன் பெண்டாட்டிக்கு விளையாட்டாக ஒரு காயின் செய்து கொடுத்தான். பெயர் ‘அனு’. படம், அவர்கள் வயலுக்குத் தண்ணீர் விடும் வடக்கு வாய்க்கால் மதகு. துருப்பிடித்த பலகையும் அதன்மேல் ஒரு கொக்குமாக இருக்கும். காலணா பெறாத காயின். உலகத்திலேயே அவனிடமும் அவளிடமும்தான் இருந்தது.

போன ஆவணியில் அவன் பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்றார்கள். பெட்டியோடு வைத்து எரித்தார்கள். பெற்றவளும் முகம் பார்க்கவில்லை, தாலி கட்டிக்கொண்டவளும் பார்க்கவில்லை.

“மொகத்தப் பாக்காம எப்படி அத்தை நம்புறது?” என்றாள் அனுராதா.

சாவித்திரி நம்பினாள். நம்பாமல் இருந்தால் பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் விடுவது யார்? தெவசம் கொடுக்காவிட்டால் அவன் தாகத்தோடு அலைவானே என்பது அவள் கவலை. உயிரோடு இருப்பவனுக்குத் தெவசம் கொடுத்துவிடக் கூடாதே என்பது மருமகளின் கவலை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் அந்த ஒருத்தனுக்காகவே மல்லுக்கு நின்றார்கள்.

சித்திரையில் வாய்க்கால் காய்ந்து கிடந்தபோது பழைய மதகை இடித்துப் புதிதாகக் கட்டி, பச்சைப் பலகை மாட்டினார்கள். ஆடியில் ஒருநாள் மத்தியானம் அனுராதா அலறிய சத்தத்தில் சாவித்திரி முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். திரையில் அந்தக் காயினின் படம். அதே மதகு. ஆனால் பச்சைப் பலகை.

“படத்தை மாற்றியது யார்?” என்று அனுராதா கேட்டாள்.

“உண்டாக்கியவரின் கணக்கிலிருந்து மாற்றப்பட்டிருக்கிறது,” என்றது குரல்.

“அவர் யார்?”

“பெயர் இல்லை. கணக்கு எண் மட்டும் இருக்கிறது.”

விஷயம் கேட்ட இளைய மகன் தமிழரசன், “எவனாவது அண்ணன் போனைத் திருடியிருப்பான், அண்ணி,” என்றான்.

“திருடுனவன் நம்ம மதகுக்கு எதுக்குத் தம்பி வர்றான்?”

படம் மாறினால் தானாகவே வாய்விட்டுச் சொல்லும்படி அன்றே ஏஜென்ட்டுக்கு உத்தரவு போட்டு வைத்தாள் அனுராதா. அவள் இல்லாத நேரம் அந்த அறையைக் கடக்கச் சாவித்திரிக்கு முதுகு சில்லிட்டது.

தெவச நாள் வந்தது. அனுராதா மறித்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள். சாவித்திரி அசையவில்லை. தமிழரசன் ஐயரோடு ஆற்றங்கரைக்குப் போய்விட்டான். தெவசம் முடியாமல் வாசலில் கோலம் போடக் கூடாது. தினமும் விடியுமுன் கோலம் ஏறிவிடும் வாசல் அது. அன்றைக்கு மட்டும் சாவித்திரி வெறுமனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்து எள்ளைப் புடைக்க உட்கார்ந்தாள்.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அனு. படம் மாறியிருக்கிறது.”

இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு வாசல். ஈரம் உலராத படி. கோலம் இல்லை. நிலையோரத்தில் ஒரு பித்தளைச் சொம்பு கவிழ்ந்து கிடந்தது.

சாவித்திரியின் கையிலிருந்த எள் சிதறியது. அந்தச் சொம்பை இப்போதுதான் அவள் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

அனுராதா கண்ணாடி முன் நின்று பொட்டைச் சரிசெய்துகொண்டாள். செருப்புகூடப் போடாமல் வாசலுக்குப் போனாள்.

“ஏ அனு! அவனாவே இருந்தா...” சாவித்திரி சிதறிய எள்ளின் மேலேயே நடந்து கூடத்துக்கு வந்தாள். “வெயில்ல நிக்கவேணாம்னு சொல்லு. உள்ள கூட்டிட்டு வா.”

“அவரு இல்லேன்னா, அத்தை?”

“அப்பவும் நீ வந்துரு.”

அவள் படியிறங்கித் தெருவின் வடகோடியைப் பார்த்தாள். அங்கே என்ன தெரிந்ததோ, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சாவித்திரி வெளியே வந்தபோது தெருவில் ஓர் ஆளும் இல்லை. சிமெண்டுத் தரையின் ஈரத்தில் அனுராதாவின் காலடி மட்டும், போன காலடி மட்டும், வாய்க்கால் பக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. தமிழரசன்.

“அம்மா, ஐயர் அவசரப்படுத்துறாரு. பிண்டம் வச்சிரட்டுமா?”

“வக்கிறத நிறுத்து.”

“என்னம்மா சொல்ற?”

“வீட்டுக்கு வாடா. கேட்டதுக்குச் சொல்லிட்டேன்ல?”

சொம்பை நிமிர்த்தி வைத்தாள். கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, முழங்கால் வலியோடு குனிந்து புள்ளி வைத்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் பொன்னுத்தாயின் முகம் தெரிந்தது. தெரியட்டும். உயிருள்ளவன் வீட்டு வாசலுக்குக் கோலம் வேண்டும்.

கடைசி இழையைச் சேர்த்தபோது உள்ளே ஆளில்லாத அறையிலிருந்து குரல் கேட்டது.

“அனு. படம் மாறியிருக்கிறது.”

படத்தில் இந்தக் கோலமும் குனிந்திருக்கும் தானும்தான் இருக்கும் என்று தெரிந்தும் சாவித்திரி தலை நிமிரவில்லை. குனிந்தபடியே முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.