மகள் என் முகத்தைப் பார்த்தாள்

எந்த வண்டி எங்கள் மகள்மேல் மோதியதோ, அதே வண்டியில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சந்தைக்குப் போகவிருந்த திராட்சைப் பெட்டிகளை ஓரமாக ஒதுக்கி, நடுவில் சாக்கு விரித்து, அதன்மேல் படுக்கவைத்திருந்தார்கள். கம்பம் அரசு ஆஸ்பத்திரி வாசலுக்கு நான் ஓடிப்போனபோது அவள் பள்ளிச் சீருடையில் ரத்தமும் திராட்சைச் சாறும் சேர்ந்து அப்பியிருந்தன. எது ரத்தம், எது சாறு என்று தெரியாமல் என் முந்தானையால் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து என் கையைப் பிடித்து விலக்கினாள்.

வண்டியை ஓட்டிவந்தவர் தூணோரம் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். சுருளிப்பட்டியில் சொந்தமாகத் திராட்சைத் தோட்டம், சொந்தமாக ஒரு லோடு வண்டி. அவர் என்னிடம் வந்து, "நான்தேம்மா இடிச்சேன். செல்லு அடிச்சுச்சு, எடுக்கக் குனிஞ்சேன். நிமுந்து பாக்குறதுக்குள்ள பிள்ளை சைக்கிளோட விழுந்துருச்சு" என்றார். அவர் உதடு நடுங்கியது. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. மகளின் கால் இருக்க வேண்டிய வாக்கில் இல்லை. அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனோம். தொடை எலும்பு முறிந்திருந்தது. உள்ளே கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் நடந்தபோது நானும் என் கணவரும் வராந்தாவில் உட்கார்ந்து கைகோத்து ஜெபம் செய்தோம். அவர்தான் வாய்விட்டு ஜெபித்தார். டாக்டர்களுக்காக, மகளுக்காக, எனக்காக ஜெபித்துவிட்டு, "அந்த மனுசனையும் நெனச்சுக்கங்க ஆண்டவரே, அவரு இன்னிக்கு என்ன பாடு படுறாரோ" என்றார்.

நான் கையை உருவிக்கொண்டேன்.

என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கெங்குவார்பட்டியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். அவர் அப்படியல்ல. கம்பத்தில், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் என்னைச் சபை வாசலில் இறக்கிவிட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். நான் ஒருநாளும் உள்ளே வரச் சொல்லி வற்புறுத்தியதில்லை. பல வருடம் கழித்து அவரே வந்தார். ஞானஸ்நானத்துக்கு முன்பு போதகர் காரணம் கேட்டபோது, "வீட்ல சண்டை வந்தா எப்பவும் அவதேன் மொதல்ல பேச வருவா. அது எப்படி முடியுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். சபையே சிரித்தது. எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. என்னைப் பார்த்து ஒருவர் ஆண்டவரிடம் வந்தார் என்பதைப் பல வருடம் மனதுக்குள் ஒரு நகை மாதிரி வைத்துப் பூட்டியிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவர் போலீஸ் ஸ்டேஷன் போய்விட்டு வந்தார். முகம் சரியாக இல்லை.

"பிள்ளை குறுக்க வந்துருச்சுன்னு சொல்லியிருக்காரு" என்றார்.

"யாரு?"

"வண்டிக்காரரு."

"எங்கிட்ட செல்லு எடுக்கக் குனிஞ்சேன்னு அவன் வாயாலயே சொன்னான். ஏங்க, பொய் சொல்லியிருக்கான்!"

"பொய்தேன். நாம நடந்ததச் சொல்லியாச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதேன். அடிச்சுப் பிடுங்கவா முடியும்?"

வீட்டுக்கு வந்த பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன். மகளின் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தெருவில் லோடு வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் நான். அந்த மாதப் பாடம் மன்னிப்பு. எனக்குத் தலைவலி என்று சொல்லி வேறொரு டீச்சரை எடுக்கச் சொன்னேன். அது பொய்யில்லை. தலை உண்மையாகவே வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஜெபம் செய்ய முழங்காலிட்டால், தூணோரம் நின்ற அந்த ஆளின் நடுங்கிய உதடுதான் முன்னால் வந்தது. அந்த உதடுதானே மறுநாள் மாற்றிச் சொன்னது?

கோடை மழை ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் பெரிய இடி இடித்து, கரண்ட் ஏறி இறங்கி, சுருளிப்பட்டிப் பக்கம் நிறையத் தோட்டங்களில் மோட்டார்கள் எரிந்துபோயின. கடைகளில் மோட்டார்கள் குவிந்துவிட்டதால் என் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவை மகளுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன்.

கடைமுன் ஓர் ஆட்டோ நின்றது. அதில் ஒரு மோட்டார். பக்கத்தில் என் வயதில் ஒரு பெண்.

"எல்லாக் கடையிலயும் ஒரு வாரம் ஆகும்ங்காகண்ணே" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "காய் பருக்குற நேரம். இப்பத் தண்ணி இல்லாட்டி அம்புட்டும் சுருங்கிப் போகும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவுக வரப் பயப்படுறாக. நான் யாரு வீடுன்னு ஒங்களுக்குத் தெரியும்லண்ணே? தெரியாம வேலை வாங்கிட்டுப் போகக் கூடாது, அதேன் சொல்லிப்புட்டேன்."

என் கணவர் அவளைப் பார்த்தார். எதிரே நின்ற என்னையும் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிடாதீர்கள் என்று மனதுக்குள் கத்தினேன்.

"தெரியும்மா. மோட்டார எறக்கச் சொல்லு" என்றார்.

டிபன் கேரியரை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வெயில் தலையில் இறங்கியது. எந்த வழியாக வீடு வந்தேன் என்று இன்றும் நினைவில்லை.

மறுநாள் அவரே சுருளிப்பட்டிக்குப் போய் மோட்டாரை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். கால் முழுக்கச் சேறு. வாசல் குழாயில் அவர் கால் கழுவும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"எம் பிள்ளை இங்கன எந்திரிக்க முடியாமக் கெடக்குறா. நீங்க அவன் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வர்றீகளா?"

"தோட்டம் என்ன செஞ்சுச்சு?"

"எனக்கு வெளாட்டுப் பேச்சு வேணாம்."

அவர் குழாயை மூடினார். "நீ சொல்லிக்குடுத்ததுதான?"

"நான் எப்பச் சொன்னேன்? பொய் சொன்னவனுக்குப் போயி மோட்டார் மாட்டிக் குடுங்கன்னா சொன்னேன்?"

"நீ சொல்லல. செஞ்ச. கல்யாணமான புதுசுல எந் தங்கச்சி ஒன்னைய வாசல்லயே நிக்கவச்சு அனுப்புனா. அவ பிரசவத்துக்குத் தொணைக்கு யாரு போனா? நாந்தான கூட்டிட்டுப் போனேன், அங்கன நீ என்ன செஞ்சேன்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

அவருடைய தங்கைக்குத் துணையிருந்தது உண்மை. ஆனால் அப்போது எனக்கு மன்னிப்பு என்ற நினைப்பே இல்லை. ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்றார்கள், போனேன். அவ்வளவுதான். அதை ஒருவர் பார்த்துவைத்து, தன் வாழ்க்கைக்கே அஸ்திவாரமாகப் போட்டுக்கொள்வார் என்று யார் கண்டது? என்னைவிட நல்லவள் ஒருத்தியை அவர் என்னிடம் பார்த்திருக்கிறார். இப்போது அவளைத் தேடி நான் எங்கே போவது?

கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும், "அம்மா, நீ சரியா, அப்பா சரியா?" என்றாள்.

"பேசாமப் படு."

"அந்த ஆளு என்னைக்காச்சும் நம்ம வீட்டுக்கு வந்தா நான் யாரு மாதிரி இருக்கணும்னு கேக்குறேம்மா."

மொட்டைமாடிக்குப் போய், இன்னும் ஈரம் காயாத துணிகளைக் கொடியிலிருந்து உருவிக் கொண்டுவந்தேன். அவளுக்கு என்ன சொல்வது? அப்பா மாதிரி இரு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. என்னை மாதிரி இரு என்று சொல்லவும் வாய் வரவில்லை. வராந்தாவில் கையை உருவிக்கொண்ட நாளிலிருந்து ஆண்டவரிடமும் நான் அப்படித்தான் இருந்தேன். தம்மைச் சிலுவையில் ஆணியடித்தவர்களுக்காக வேண்டிக்கொண்டவரைப் பின்பற்றுகிறேன் என்று சின்னப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவள், ஒரு லோடு வண்டிக்காரரின் பெயரை ஜெபத்தில் உச்சரிக்க முடியாமல் திணறினேன்.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். என் கணவர் குச்சனூர்ப் பக்கம் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு மகள் நடுவீட்டில் நடந்து பழகிக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அவரும் அவர் மனைவியும். மனைவியின் கையில் ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சை. திராட்சையைக் கண்டதும் அந்தச் சீருடை நினைவுக்கு வந்து எனக்குக் குமட்டியது.

அவர் என் தோளைத் தாண்டி உள்ளே வாக்கரோடு நின்ற மகளைப் பார்த்துவிட்டார். உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

நான் திரும்பினேன். மகள் அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் புது ஆள் யாராவது அவளைத் தூக்கவந்தால், போகலாமா வேண்டாமா என்று இப்படித்தான் என் முகத்தைப் பார்ப்பாள். அழுவதா சிரிப்பதா என்று அதிலிருந்துதான் எடுத்துக்கொள்வாள். பதினேழு வயதிலும் அதே பார்வை. என் மனதில் கருணை என்று ஒரு சொட்டும் இல்லை. இருந்ததெல்லாம் அந்தப் பார்வை மட்டும்தான்.

"உள்ள வாங்க" என்றேன்.

குரல் வறண்டு வந்தது. ஆனால் வந்துவிட்டது. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். உட்காரத் தயங்கினார்கள். மகள் வாக்கரை மெதுவாக நகர்த்தி, அதன் காலாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உக்காருங்க மாமா" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனைவி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அழுகையோடு இது முடிந்துவிடக் கூடாது என்று எனக்குள் ஏதோ ஒன்று துடித்தது.

"ஆஸ்பத்திரி வாசல்ல எங்கிட்ட ஒன்னு சொன்னீக. ஸ்டேஷன்ல வேற ஒன்னு சொல்லியிருக்கீக. எது நெசம்?"

அவர் கையை எடுக்கவில்லை. மனைவி அவர் தோளைத் தொட்டு, "சொல்லுங்க" என்றாள்.

"ஒங்ககிட்டச் சொன்னதுதேன்."

"அப்ப அங்கனயும் அதத்தேன் சொல்லணும்."

"லைசென்ஸ் போயிரும்மா. வண்டி ஓடுனாத்தேன் எங்களுக்கு..."

"எம் பிள்ளை ஓரமாத்தேன் வந்தா. அவ குறுக்க வந்தான்னு எழுத்துல இருக்கக் கூடாது. நீங்க இங்கன வந்து போறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் இந்த வீட்டுக்கு வரலாம். ஆனா நெசத்தச் சொல்லிருங்க."

இதையெல்லாம் சாந்தமாகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். சேலை நுனியை விரலில் முறுக்கி முறுக்கிக் கசக்கிவிட்டேன். பிறகு அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். ஸ்டேஷனில் நிஜத்தைச் சொல்லுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. போய்விட்டார்கள்.

சாயங்காலம் வந்த கணவரிடம் மகள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் நெசத்தப் பத்திக் கேக்கவே இல்ல. நீ கேட்டுட்ட. அதும் வேணும்ல" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. "கேட்டு என்ன ஆச்சு? அவரு தலையாட்டக்கூட இல்ல" என்றேன்.

அடுத்த நாட்களில் மறுபடி அதே நடை, அதே ஜன்னல். அவர் போவாரா, மாட்டாரா? போகாவிட்டால், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று நான் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்ற பயம் வேறு.

அவர் போனார். ஒரு காலையில் கடைக்கு வந்து என் கணவரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இருவரும் ஒரே பைக்கில் ஸ்டேஷனுக்குப் போனதைப் பார்த்துக் கடைத்தெருவில் சிலர் சிரித்தார்களாம். பிறகு உத்தமபாளையம் கோர்ட்டிலும் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்று நானும் போயிருந்தேன். வராந்தாப் பெஞ்சில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். அவர் லைசென்ஸைச் சில காலம் முடக்கினார்கள். அது திரும்பக் கிடைக்கும்வரை அவர் தம்பி வண்டி ஓட்டினார்.

மகள் இப்போது தேனியில் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். படியேறும்போது கால் லேசாக இழுக்கும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் பழைய கோபம் எழுந்து உட்காரும். நான் செய்வதை மன்னிப்பு என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் அந்த மனிதரின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். சில நாள் பெயர் எளிதாக வருகிறது. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்.

போன வாரம் மகள் போனில் பேசினாள். அவளோடு அறையில் இருக்கும் ஒருத்தி, இவள் காலை இழுத்து நடப்பதைப் பின்னாலிருந்து செல்போனில் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"நீ என்னடி செஞ்ச?" என்றேன்.

"நீ செஞ்சது அசிங்கம், எல்லாருகிட்டயும் அழிக்கச் சொல்லுன்னு சொன்னேன். அப்பறம் மெஸ்ஸுல அவ தனியா உக்காந்திருந்தா. நான் போயி அவகூட உக்காந்து சாப்பிட்டேன்."

"யாரு ஒன்னைய அப்படிச் செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா" என்றாள் சாதாரணமாக. அடுத்து ஏதோ பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் என்னால் முடியவில்லை. வலிக்க வலிக்க அவள் போய் உட்கார்ந்திருப்பாளே என்று நினைத்தேன். போனை வைத்த பிறகும் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். பிறகு முழங்காலிட்டேன். மகள் பெயரைச் சொன்னேன். முகம் தெரியாத அந்த அறைத்தோழியின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து மறுபடி போனை எடுத்தேன்.